தீயால் மீண்ட புல்வெளி



நிலத்திற்குப் பூவின் பெயரை இட்டு வழங்கிய மொழி தமிழ். குறிஞ்சி என்ற அளவில் மலையும், முல்லை என்ற அளவில் காடும், நெய்தல் என்ற அளவில் கடற்கரையும் கண்முன் நிற்கின்றன. தொல்காப்பியம் அந்தந்த நிலத்திற்கு உரிய கருப்பொருளை வகுத்தபோது, மரத்தையும் விலங்கையும் புள்ளையும் சொன்னதோடு அமையவில்லை. அங்கு வாழும் மக்களின் தொழிலையும் ‘செய்தி’ என்னும் பெயரால் அவற்றோடு ஒருங்கு வைத்தது. இந்த ஒரு சொல்லை மனத்தில் இருத்திக்கொண்டு, வட அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அழிந்துபோன ஒரு நிலத்தைத் தன் வளாகத்திலேயே மீண்டும் உண்டாக்க முயன்ற வரலாற்றைக் காண்பது பயனுடையதாகும். இலக்கிய வட்டத்தின் மேடையில் புல்லைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பாரும் இருக்கலாம். திணை இலக்கணம் பயின்றவர்க்கு அந்த ஐயம் எழாது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட நடுப் பகுதியில் பேரேரிகளை ஒட்டி அமைந்தது விஸ்கான்சின் மாநிலம். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பெருங்காடும், தெற்கிலும் மேற்கிலும் உள்ள புல்வெளியும் அம்மாநிலத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பள்ளிப் புவியியல் நூல்கள் ‘பிரெய்ரி’ என்று சொல்லும் புல்வெளி அது. புல்வெளி என்றதும் மாடு மேயும் குட்டைப் புல்தரை நினைவுக்கு வரும். பிரெய்ரி அத்தகையது அன்று. அதன் தலைமைப் புல் நல்ல ஈரமண்ணில் ஆள் உயரத்தையும் விஞ்சி வளரும்; அதன் கதிர் மூன்றாகப் பிரிந்து நிற்பதால் உழவர்கள் அதற்கு ‘வான்கோழிக் கால்’ என்று பெயர் வைத்தார்கள். புற்களிடையே நூற்றுக்கணக்கான பூஞ்செடிகள், வேனிலின் தொடக்கம் முதல் கூதிர் வரை முறை வைத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். அவற்றுள் ஒன்று திசைகாட்டிச் செடி. மஞ்சள் நிறத்தில் சூரியகாந்தியைப் போல் பூக்கும் இச்செடியின் இலைகள் தம் விளிம்புகளை வடக்கும் தெற்குமாக வைத்து நிமிர்ந்து நிற்கும்; நண்பகல் வெயில் இலைப்பரப்பில் நேரே விழாமல் தப்புவதற்கு அது செய்துகொண்ட ஏற்பாடு. இவற்றின் வேர்களோ மண்ணுக்குள் பல அடி ஆழம் இறங்கும். பிரெய்ரியின் உடலில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியிலேதான் இருக்கிறது. இந்தச் செய்தி பின்னர் வரும் கதைக்கு இன்றியமையாதது.

பல்லாயிரம் ஆண்டுகளாக இறந்த வேர்கள் மக்கி மக்கி அம்மண் கரியதாகவும் வளமுடையதாகவும் ஆயிற்று. அந்த வளமே அதற்குக் கூற்றாயிற்று. 1832-இல் ஹோ-சங்க் மக்கள், இன்று மாடிசன் நகரம் இருக்கும் ஏரிநாட்டை ஒப்பந்தத்தின் பெயரால் கைவிட வற்புறுத்தப்பட்டார்கள். நான்கு ஏரிகள் என்னும் பொருள்பட அவர்கள் ‘டேஜோப்’ என அழைத்த நாடு அது. 1837-இல் அண்டை மாநிலமான இல்லினாய்சில் ஜான் டீர் என்னும் கொல்லர், ஒட்டும் கரிமண்ணை உதறிக்கொண்டு செல்லும் எஃகுக் கொழுவை உருவாக்கினார். அதன்பின் புல்வெளி நெடுநாள் நிலைக்கவில்லை. விஸ்கான்சினில் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் பரந்திருந்த பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

எஞ்சிய துண்டுகள் எங்கே எஞ்சின என்பதும் நோக்கத்தக்கது. ஒன்று, இருப்புப்பாதையின் ஓரம். உழவர் வருமுன்பே வேலியிடப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்தில் கலப்பை நுழையவில்லை. மற்றொன்று, நாட்டுப்புறத்து இடுகாடுகள். முதலில் குடியேறியவர்களைப் புதைத்த இடம் என்பதால் அங்கும் உழவு இல்லை. உயிரோடிருந்த செடிகள் இறந்தோரின் காவலில் பிழைத்தன எனலாம்.

மாடிசன் நகரில் 1848-இல் தோன்றிய விஸ்கான்சின் பல்கலைக்கழகம், விங்ரா ஏரிக்கரையில் 1932 முதல் நிலம் வாங்கத் தொடங்கியது. பறவை வடிவிலும் விலங்கு வடிவிலும் பழங்குடியினர் எழுப்பிய பண்டைய மண்மேடுகள் அக்கரையில் இன்றும் உள்ளன. அங்கே ஒரு மரப்பூங்கா அமைப்பதே நோக்கம். உலகின் பல நாட்டு மரங்களையும் கொணர்ந்து, பெயர்ப்பலகையோடு நிறுத்தி வைப்பதே மரப்பூங்கா என்று எல்லோரும் கருதியிருந்த காலம் அது. 1934-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் நடந்த தொடக்க விழாவில் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்டு வேறொரு கருத்தை முன்வைத்தார். மரங்களின் தொகுப்பு மட்டும் போதாது. வெள்ளையர் குடியேறிய 1840-களில் அந்த மாவட்டம் எப்படி இருந்ததோ அதன் ஒரு மாதிரியை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும் என்பது அவர் உரையின் சாரம். தாவரவியல் பேராசிரியர் நார்மன் ஃபாசெட் அந்த மாதிரியில் பிரெய்ரிக்கும் இடம் வேண்டும் என்று வாதாடினார்.

இதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 60 ஏக்கர். பல பத்தாண்டுகள் உழப்பட்டுச் சோர்ந்து, பின்னர்க் குதிரைகள் மேயும் தரையாக விடப்பட்ட பழைய பண்ணை. அதில் பிரெய்ரிச் செடிகள் பெரும்பாலும் இல்லை. ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்து பரவிய கென்டக்கி நீலப்புல் பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. பெயரில் கென்டக்கி இருந்தாலும் அதன் பூர்வீகம் கடலுக்கு அப்பால் என்பதே அறிஞர் பலரின் கருத்து.

காலமோ கொடியது. பொருளாதார வீழ்ச்சியால் நாடெங்கும் இளைஞர்கள் வேலையற்றுத் திரிந்தார்கள். மேற்கே பெருஞ்சமவெளியில் உழுது புரட்டப்பட்ட மண் வறட்சியில் காய்ந்து புழுதிப் புயலாக எழுந்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னதற்கு இதைவிடப் பெரிய சான்று வரலாற்றில் அரிது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1933-இல் தொடங்கிய குடிமக்கள் இயற்கைப் பாதுகாப்புப் படையின் முகாம் ஒன்று, 1935-இல் இப்பல்கலைக்கழகத்தின் மரப்பூங்காவிலேயே அமைந்தது. மாதம் 30 டாலர் ஊதியம். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். வயிற்றுக்காக வந்த அவ்விளைஞர்களின் கைகளே உலகில் முதன்முதலாக ஒரு பிரெய்ரியை நட்ட கைகள்.

அப்பணியை நடத்த 1936-இல் வந்தவர் தியோடர் ஸ்பெர்ரி. இல்லினாய்சுப் பிரெய்ரிச் செடிகளின் வேர்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். வேரின் ஆழம் தெரிந்த ஒருவரிடம் இவ்வேலை வந்தது நற்பேறு. பல ஊர்களில் எஞ்சியிருந்த புல்வெளித் துண்டுகளிலிருந்து செடிகளை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள். விதை தூவினார்கள், விதை முற்றிய வைக்கோலையும் பரப்பினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட செடிவகைகளை, வகைக்கு ஒரு பாத்தியாகப் பெரும் பெரும் திட்டுகளாக ஸ்பெர்ரி நடுவித்தார். எது பிழைக்கிறது, எது மடிகிறது, எது பக்கத்துத் திட்டுக்குள் நுழைகிறது என்று பின்னால் வருவோர் அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். 1941-இல் உலகப் போர் அம்முயற்சியை நிறுத்தியது. முகாம் மூடப்பட்டது, ஸ்பெர்ரியும் படைப்பணிக்குச் சென்றார்.

நட்டதில் பலவும் பிழைத்தன. ஆனால் பிரெய்ரி வரவில்லை. செடிகள் நட்ட இடத்தில் நின்றன. அவற்றைச் சூழ்ந்து நீலப்புல் முன்போலவே அடர்ந்திருந்தது. புதிய விதை முளைக்க இடமில்லை. ஆண்டுக்காண்டு காய்ந்த புல் மடிந்து மெத்தையாகக் கிடந்தது. ஓரங்களில் புதர்கள் எழத் தொடங்கின. கருப்பொருளில் மரமும் புல்லும் வந்துவிட்டன, வேறெதுவோ வரவில்லை.

அந்த வேறெதுவைக் கண்டறிந்தவர் ஜான் கர்ட்டிஸ் என்னும் இளம் தாவரவியல் அறிஞர். 1940-களில் அவர் சிறு சிறு பாத்திகளில் தீயிட்டுப் பார்த்தார். சில பாத்திகளை ஆண்டின் ஒரு பருவத்திலும், சிலவற்றை வேறு பருவத்திலும் எரித்தார். சிலவற்றை எரிக்காமல் ஒப்பிடுவதற்கு வைத்தார். மாக்ஸ் பார்ட்ச் என்பவரோடு சேர்ந்து 1948-இல் அம்முடிவுகளை வெளியிட்டார். தீயிட்ட இடத்தில் நீலப்புல் தேய்ந்தது. பிரெய்ரிச் செடிகள் தழைத்தன.

காரணம் எளிது. நீலப்புல் குளிர்காலப் புல். பனி உருகியவுடனே, வேனில் முழுதும் வருமுன்பே, பசுமை கொண்டுவிடும். வான்கோழிக் கால் புல்லோ வெப்பத்தை விரும்பும் இனம். மே மாதத்தில்தான் தலைகாட்டும். வேனில் தொடக்கத்தில் இடும் தீ, விழித்துக்கொண்ட நீலப்புல்லைச் சுடுகிறது. மண்ணுக்குள் உறங்கும் பிரெய்ரியைத் தொடுவதில்லை. மேலே எரியும் சருகுத் தீ சில நிமிடங்களில் கடந்துபோகிறது. அதன் வெம்மை மண்ணுக்குள் அதிகம் இறங்குவதும் இல்லை. சருகு மெத்தை எரிந்துபோனதால் கரிபடிந்த நிலத்தில் வெயில் நேரே விழுந்து மண் விரைவில் சூடேறுகிறது. அந்தச் சூடு யாருக்கு வேண்டுமோ அவர்கள் எழுந்து வருகிறார்கள். மண்ணுக்கு மேல் உயிர்முனையை வைத்திருக்கும் புதர்களும் மரக்கன்றுகளும் கருகுகின்றன.

இவ்வளவு எளிதான ஒன்றை அறிய ஏன் இத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்கலாம். அந்நாட்டின் காட்டியல் முழுவதும் அன்று தீயை அரக்கனாகவே கண்டது. எங்கே காட்டுத்தீ தோன்றினாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தே தீரவேண்டும் என்று அமெரிக்கக் காட்டுத்துறை விதி வகுத்தது 1935-இல்தான். மாடிசனில் முகாம் அமைந்த அதே ஆண்டு. இயற்கைப் பாதுகாப்புப் படை இளைஞர்களுக்கு மற்ற முகாம்களில் இருந்த தலையாய வேலைகளுள் ஒன்று தீயணைப்பு. லியோபோல்டும் தம் இளமையில் தென்மேற்கு மாநிலங்களில் காட்டு அலுவலராக இருந்தபோது, 1920-இல், சிறுதீ இட்டுக் காட்டைப் பேணலாம் என்ற கருத்தை எதிர்த்துக் கட்டுரை எழுதியவர். பின்னர் அவர் கருத்து மாறியது. விதி வேறு விதமாக விளையாடியது: 1948 ஏப்ரல் 21-ஆம் நாள், தம் பண்ணைக்கு அண்டை நிலத்தில் பற்றிய புல்தீயை அணைக்க உதவிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார். கர்ட்டிசின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்த ஆண்டும் அதுவே.

அறிவியல் பாத்தி கட்டிக் கண்டுபிடித்த இதனை ஹோ-சங்க் மக்கள் அறிந்திருந்தார்கள். வேட்டை விலங்கை வளைக்கவும், எரிந்த தரையில் எழும் இளந்தளிருக்கு மானினம் வரவும், நடந்துசெல்ல வழி திறக்கவும் அவர்கள் புல்வெளிக்குத் தீயிட்டார்கள். மின்னலால் எழுந்த தீயும் உண்டு. எனினும் தென் விஸ்கான்சின் புல்வெளியை நிலைநிறுத்தியது பெரும்பாலும் பழங்குடியினர் இட்ட தீயே என்று கர்ட்டிஸ் தம் பெருநூலில் எழுதினார். ‘விஸ்கான்சினின் தாவரம்’ என்ற பொருள்படும் அந்நூல் 1959-இல் வெளிவந்தது. அவ்வாறாயின் 1832-இல் அந்நாட்டை இழந்தவர்கள் அம்மக்கள் மட்டும் அல்லர். அந்நிலமும் தன் ‘செய்தி’யை அன்றே இழந்துவிட்டது. தினைப்புனத்துக்காக மலைச்சாரலைச் சுட்டு விதைத்த குறவரைப் பாடிய சங்கப் புலவர்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது. இருப்புப்பாதை ஓரத்துத் துண்டுகள் செழித்திருந்ததற்கும் விளக்கம் இதில் கிடைக்கிறது: நீராவி எஞ்சின் கக்கிய தீப்பொறி அவ்வப்போது அவற்றை எரித்துக்கொண்டிருந்தது.

1950 முதல் அப்புல்வெளிக்கு முறையாகத் தீயிடும் வழக்கம் ஏற்பட்டது. கர்ட்டிஸ் 1961-இல் தம் 47-ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டு அந்நிலத்திற்குக் கர்ட்டிஸ் பிரெய்ரி என்று பெயர் சூட்டினார்கள். உலகில் மனிதர் மீட்டெடுக்க முயன்ற பிரெய்ரிகளில் மூத்தது அதுவே.

அதே வளாகத்தில் இன்னொரு புல்வெளியும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. ஹென்றி கிரீன் என்னும் தாவரவியலார், பெரும்பாலும் தனியாளாகவே, 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் அதை நட்டார். படையும் இல்லை, பெருந்திட்டமும் இல்லை. மணற்பாங்கான மேட்டுக்கு எது ஏற்றது, ஈரம் தங்கும் பள்ளத்துக்கு எது ஏற்றது என்று அடிக்கு அடி மண்ணைப் பார்த்துச் செடிகளை இட்டார். கர்ட்டிசோடு சேர்ந்து மாநிலம் எங்கும் எஞ்சிய புல்வெளிகளைத் தேடிக் கணக்கெடுத்தவர் அவர். எந்தச் செடி எந்தச் செடியோடு கூடி வாழும் என்பதை அத்துண்டுகளிலிருந்தே கற்றார். பல விதைகள் ஈரக் குளிரில் ஒரு பருவம் கிடந்தால்தான் முளைக்கும் என்பதும் இருவரும் ஆராய்ந்து சொன்னதே. கிரீன் பிரெய்ரி எனப்படும் அந்நிலத்தை, பழைய இயற்கைக்கு மிக அணுக்கமாக அமைந்தது என்று அறிஞர்கள் நெடுங்காலம் பாராட்டினார்கள். அதற்குக் காரணம் மிகுந்த பொறுமை என்பதோடு, பார்த்துக் கற்க மூலம் ஒன்று எஞ்சியிருந்தது என்பதும் ஆகும். மூல ஓலை முற்றும் செல்லரித்தபின் உ.வே. சாமிநாதையரே வந்தாலும் என்ன பதிப்பித்திருக்க முடியும்?

அந்த மூலமும் தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு நாட்டுப்புற இடுகாட்டின் மூலையில் நின்ற திசைகாட்டிச் செடியை லியோபோல்டு ஆண்டுதோறும் சென்று பார்ப்பார். ஒரு நாள் வேலி அகற்றப்பட்டு, அம்மூலையும் அரிந்து விடப்பட்டதைக் கண்டார். அவர் மறைவுக்குப்பின் 1949-இல் வெளிவந்த ‘மணல் மாவட்டத்துப் பஞ்சாங்கம்’ என்னும் நூலில் இதனைப் பதிந்திருக்கிறார். அவ்வகைச் செடி ஒன்றைத் தோண்டித் தம் பண்ணைக்குக் கொண்டுபோக முயன்றதையும் சொல்கிறார். வெயிலில் நெடுநேரம் தோண்டியும் வேரின் முடிவு தெரியவில்லை.

இன்று கர்ட்டிஸ் பிரெய்ரி 70 ஏக்கருக்குச் சற்று மிகுதி. கோடையின் இறுதியில் அங்கே செல்பவர், இது தொன்று தொட்டு இப்படியே இருந்தது என்று நம்பிவிடக்கூடும். ஆயினும் அதன் துன்பம் தீர்ந்தபாடில்லை. அருகே பெருஞ்சாலை இரைகிறது. சூழ்ந்துள்ள நகரத்தின் கூரைகளிலும் தெருக்களிலும் வழியும் மழைநீர், மண்ணையும் உரச்சத்தையும் சுமந்து தாழ்ந்த பகுதிக்குள் பாய்கிறது. அந்த நீரைப் பற்றிக்கொண்டு ஒருவகை நாணற்புல் பரவி, பல செடிகள் வாழ்ந்த ஈரநிலத்தைத் தான் ஒன்றே ஆள்கிறது. கிரீன் நட்ட நிலத்தின் ஈரப் பகுதிக்கும் இதே இடர் நேர்ந்தது. தீயால் இதனை வெல்ல முடியாது. இது பல்கலைக்கழகத்தின் வேலிக்குள் தோன்றிய நோயன்று. நகராட்சியோடு பேசி நீரைத் தேக்கும் குளங்கள் அமைத்திருக்கிறார்கள். வெள்ளை மணப்பயறு என்று சொல்லத்தக்க வேறொரு அயல்செடியோ தீயாலேயே பயன் பெறுகிறது. அதன் கடின விதையுறை வெப்பத்தில் நெகிழ்ந்து, எரித்த மறுமாதமே முளைத்தெழுகிறது. அதனைத் தன்னார்வலர்கள் கையால் பிடுங்குகிறார்கள்.

தீயிடும் நாளைத் தேர்வதும் எளிய வேலையன்று. காற்றின் திசை, வேகம், ஈரப்பதம் ஆகியவற்றைப் பார்த்து, புகை சாலையின்மேல் படியாத நாளாக எடுக்கிறார்கள். எல்லையைச் சுற்றிப் புல்லை அரிந்து தடுப்பு அமைத்து, நீர்ப்பை சுமந்தவர்களை நிறுத்தி, காற்று வீசிச்செல்லும் பக்கத்தின் ஓரத்தில் முதலில் மெதுவாக எரியவிட்டுக் கருந்தரை உண்டாக்கிய பின்னரே, காற்று வரும் பக்கத்திலிருந்து பெருந்தீயை விடுகிறார்கள். முழுப் புல்வெளியையும் ஒரே ஆண்டில் எரிப்பதில்லை. காய்ந்த தண்டுகளில் கூட்டுப்புழுவும் முட்டையுமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகள் உண்டு. அவற்றின் பொருட்டு ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியை எரிக்காமல் விட்டுவைக்கிறார்கள்.